சுரங்கம் மூடியது, பேண்டு நிற்கவில்லை

1992 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. பிரிட்டனில் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போகிறோம், சுமார் 30,000 பேருக்கு வேலை போகும் என்று அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அறிவித்தார். யார்க்‌ஷரின் கிரைம்தோர்ப் சுரங்கமும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்த வாரத்துச் சனிக்கிழமை, அதே சுரங்கத்தின் பேண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசிய பிராஸ் பேண்டு போட்டியில் வாசித்து முதல் பரிசை வாங்கியது.

2022 ஆகஸ்ட். அதே ஹால். பிபிசி ப்ராம்ஸ் இசைவிழா. வேல்ஸ் நாட்டு ட்ரெடீகர் ஊரின் பேண்டு, பிபிசி வேல்ஸ் தேசிய ஆர்க்கெஸ்ட்ராவுடன் சேர்ந்து மேடையில் உட்கார்ந்திருந்தது. வாசிக்கப்பட்டது கேவின் ஹிக்கின்ஸ் எழுதிய 'பிராஸ் பேண்டுக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குமான கான்செர்ட்டோ க்ரோஸோ'.

முதல் மேடையில் வாசித்தவர்களுக்குப் பின்னால் ஒரு சுரங்கம் இருந்தது, அது போகப்போகிறது என்ற செய்தியும் இருந்தது. இரண்டாவது மேடைக்கு வந்தவர்களில் பலருக்குச் சுரங்கம் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது. வாத்தியங்கள் மாறவில்லை. யாருடைய காசில் பேண்டு நடக்கிறது, யார் வாசிக்கிறார்கள், யார் எழுதிய இசை என்பவை மாறிவிட்டன. இதில் மூன்றாவது மாற்றம்தான் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிகிறது. அதற்குப் போகும் வழி மற்ற இரண்டின் ஊடாகத்தான்.

பிராஸ் பேண்டு என்றதும் நம் ஊர்க் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட் நினைவுக்கு வரும். அதுவும் பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகளின் வழி வந்ததுதான். ஆனால் அதில் கிளாரினெட் இருக்கும், சாக்ஸபோன் இருக்கும். இங்கிலாந்தின் பிராஸ் பேண்டில் அவை இரண்டுக்கும் இடமில்லை. டிரம்பெட்கூடக் கிடையாது, அதற்குப் பதில் இன்னும் மென்மையாகப் பேசும் கார்னெட். பிறகு ஃப்ளூகல் ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிடோன், யூஃபோனியம், டிராம்போன், கடைசியில் பெரிய பேஸ் டியூபாக்கள். ஊதுகிறவர்கள் சுமார் 25 பேர், தாளத்துக்குச் சிலர். உரக்க ஊதினால் சுவர் அதிரும். மெல்ல ஊதினால் பல குரல்கள் சேர்ந்து ஒரே குரலாகக் கேட்கும். இந்த மெல்லிய ஊதலில்தான் நல்ல பேண்டு எது என்று தெரியும்.

இந்தக் குழு தொழிலாளர் நடுவில் வேர்விட்டதற்குக் காரணங்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் வால்வு வைத்த பித்தளை வாத்தியங்கள் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்டு விலை குறைந்தன. பாரிஸில் அடோல்ஃப் சாக்ஸ் செய்த சாக்ஸ்ஹார்ன்களை டிஸ்டின் குடும்பத்தார் 1840-களில் பிரிட்டன் மேடைகளில் வாசித்துக் காட்டிப் பரப்பினார்கள். வால்வை அழுத்த மூன்று விரல் போதும். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கைக்கும் அது படிந்து வரும்.

இன்னொரு காரணம் வெளியில் அதிகம் பேசப்படாதது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. பேண்டில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இசைத்தாள் ஒரே முறையில், டிரெபிள் கிளெஃபில் எழுதப்படுகிறது. விலக்கு பேஸ் டிராம்போன் மட்டும். தாளில் ஒரு குறியைப் பார்த்தால் கார்னெட்காரர் எந்த வால்வை அழுத்துவாரோ, அதே வால்வைத்தான் டியூபாக்காரரும் அழுத்துவார். உயரமும் ஆழமும் வாத்தியத்தின் அளவுக்கேற்பத் தானாக வந்துவிடும். ஆகவே ஒரு பையன் கார்னெட் கற்றுக்கொண்டால் போதும். யூஃபோனியம் வாசிப்பவர் சுரங்கத்தில் அடிபட்டுப் படுத்துவிட்டால் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் இவன் உட்காரலாம். உதட்டைப் பழக்க வேண்டுமே தவிர, படிப்பைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. ஆள் எப்போது குறைவார் என்று சொல்ல முடியாத ஊர்களுக்கு இந்த முறை எவ்வளவு உதவியிருக்கும் என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது.

காசு வந்த வழி ஊருக்கு ஊர் வேறு. யார்க்‌ஷரின் குவீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டர் என்ற ஆலை முதலாளி 1855-இல் ஊர் பேண்டைத் தன் பிளாக் டைக் ஆலையின் பேண்டாக எடுத்துக்கொண்டார். வாத்தியம், சீருடை, பயிற்சி அறை எல்லாம் ஆலையின் செலவு. முதலாளிக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. மாலையில் கார்னெட் பயிலும் தொழிலாளி சாராயக்கடையில் இருக்கமாட்டான், சங்கக் கூட்டத்திலும் இருக்கமாட்டான் என்று பல முதலாளிகள் நம்பினார்கள். முதல் பாதி ஓரளவு பலித்திருக்கலாம். இரண்டாம் பாதி பலிக்கவே இல்லை. சுரங்க ஊர்களில் தொழிலாளர்களே வாரக் கூலியில் சிறு தொகையைப் பேண்டுக்கென்று பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த பேண்டுகள் சங்கக் கொடிக்கு முன்னால்தான் நடந்தன.

போட்டிகள் இவர்களை வளர்த்தன. 1853-இல் மான்செஸ்டரின் பெல் வ்யூ தோட்டத்தில் தொடங்கிய போட்டி 'பிரிட்டிஷ் ஓப்பன்' என்ற பெயரில் இன்றும் நடக்கிறது. நடுவர்களை ஒரு கூடாரத்துக்குள் அடைத்துவிடுவார்கள். எந்த பேண்டு வாசிக்கிறது என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது, காதுக்கு வருவது மட்டுமே கணக்கு. பெரிய போட்டிகளில் இந்த வழக்கம் நீண்ட காலம் தொடர்ந்திருக்கிறது. லங்காஷர், யார்க்‌ஷர் எல்லையிலுள்ள சாடில்வொர்த் கிராமங்களில் விட் வெள்ளி எனப்படும், பெந்தெகொஸ்தேவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நூற்றுக்கும் மேற்பட்ட பேண்டுகள் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், தெருவில் ஒரு மார்ச் வாசித்தபடி நடந்து, போட்டி இடத்தில் நின்று இன்னொன்றை வாசிக்கின்றன. அங்கே நடுவர் திரை போட்ட ஒரு மாடி அறையிலோ கேரவனிலோ ஒளிந்திருப்பார்.

அந்தக் காலத்துப் பேண்டு வாசித்தது என்ன? பெரும்பாலும் அடுத்தவர் வீட்டு இசை. ரோசினி, வெர்டி ஓபராக்களிலிருந்து பொறுக்கித் தொகுத்த பகுதிகள். ஓபரா அரங்கின் வாசலை மிதித்திராத ஊர்கள் அந்த மெட்டுகளைப் பூங்கா மேடையில் கேட்டே மனப்பாடம் செய்திருந்தன. பேண்டுக்கென்றே புதிதாக எழுதப்பட்ட பெரிய படைப்பு ஒன்று தேசியப் போட்டிக்கு வர 1913 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெர்சி ஃப்ளெட்சரின் 'லேபர் அண்ட் லவ்' அது. பிறகு பெரிய பெயர்கள் வந்தன. 1928-இல் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 'எ மூர்சைட் சூட்' எழுதினார், 1930-இல் எட்வர்ட் எல்கர் 'செவர்ன் சூட்', 1932-இல் ஜான் அயர்லாந்து 'எ டவுன்லாண்ட் சூட்'. எல்லாம் நல்ல படைப்புகள், இன்றும் வாசிக்கப்படுபவை. ஆனாலும் அவை அரங்கத்திலிருந்து பேண்டு அறைக்கு வந்த விருந்தாளிகள். விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தை வீட்டார் மரியாதையோடு வாங்கிக்கொண்டார்கள்.

1973-இல் கதை கொஞ்சம் திரும்பியது. பேண்டு குடும்பத்தில் வளர்ந்து இசை நடத்துநரான எல்கர் ஹோவர்த், ஹாரிசன் பர்ட்விசிலிடம் கேட்டு வாங்கிய 'கிரைம்தோர்ப் ஆரியா' அந்த ஆண்டு வெளிவந்தது. மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத, கரடுமுரடான, இருண்ட இசை. பேண்டு உலகில் பலருக்குப் பிடிக்கவில்லை. அதைச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வாசித்தார்கள். புதிய இசை படித்தவர்களுக்குத்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நிகழ்ச்சிதான் முதலில் நினைவுக்கு வரும்.

உள்ளிருந்து வந்த இசையே அன்று இல்லையா? இருந்தது. அதில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1934 செப்டம்பர் 22, வேல்ஸின் ரெக்ஸம் அருகே கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் நள்ளிரவுக்குப் பின் வெடிவிபத்து. 266 பேர் இறந்தார்கள். மிகப் பெரும்பாலானவர்களின் உடல்களை மேலே கொண்டுவரவே இல்லை, சுரங்கத்தின் அந்தப் பகுதியை அப்படியே மூடிவிட்டார்கள். ஷிப்டை முழுதாக முடிக்கவில்லை என்று இறந்தவர்களின் கூலியில் பிடித்தம் செய்ததாகவும் அந்த ஊர் இன்றளவும் சொல்கிறது. இதைக் கேட்ட ராபர்ட் செயின்ட் என்பவர், வடகிழக்கு இங்கிலாந்தின் ஹெப்பர்னைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளி, 'கிரெஸ்ஃபோர்டு' என்ற பெயரில் ஒரு துதிமெட்டு எழுதினார். அதற்கு வார்த்தைகள் கிடையாது. சில நிமிடங்களே நீளும், மெல்லத் தொடங்கி மெல்ல ஏறும் மெட்டு. சுரங்கத் தொழிலாளரின் கீதம் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. டர்ஹம் நகரில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் சுரங்கத் தொழிலாளர் பெருவிழாவில் 1938 முதல் அது ஒலிக்கிறது.

அந்த விழாவைத் தொழிலாளர்கள் 'பிக் மீட்டிங்' என்பார்கள். 1871-இல் தொடங்கியது. ஒவ்வொரு சுரங்க ஊரும் தன் பட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு, முன்னால் தன் பேண்டுடன் நகருக்குள் நடந்து வரும். அந்த ஆண்டு சுரங்கத்தில் யாராவது இறந்திருந்தால் கொடியின் மேல் கறுப்புத் துணி. கவுண்டி ஹோட்டல் முன்னால் ஊர்வலம் நிற்கும். மாடத்தில் சங்கத் தலைவர்கள் நிற்க, கீழே பேண்டு தனக்குப் பிடித்த ஒன்றை வாசித்துவிட்டு நகரும்.

1984 மார்ச்சில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தம் ஓராண்டுக்குப் பின் தோல்வியில் முடிந்தபோது, பல ஊர்களில் தொழிலாளர்கள் கொடியோடும் பேண்டோடும்தான் சுரங்க வாசலுக்குத் திரும்பினார்கள். தோற்றவர்கள் தலைநிமிர்ந்து நடக்க அந்த மார்ச் இசை தேவைப்பட்டது. அடுத்த எட்டு ஆண்டுகளில் அந்த வாசல்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. டர்ஹம் நிலக்கரிப் பகுதியின் கடைசி ஆழ்சுரங்கமான வேர்மவுத் 1993-இல் போனது. கிரைம்தோர்ப்பும் அதே ஆண்டு. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில்.

கிரைம்தோர்ப் கதையை வைத்து மார்க் ஹெர்மன் 1996-இல் எடுத்த 'பிராஸ்ட் ஆஃப்' படத்தைப் பார்த்தவர்களுக்கு, நுரையீரலில் கரித்தூசி படிந்த நடத்துநராக வரும் பீட் போஸ்டில்த்வெய்ட்டின் முகம் மறக்காது. படத்தில் கேட்கும் வாசிப்பு உண்மையான கிரைம்தோர்ப் பேண்டுடையது. தூசியைச் சுவாசித்தே பிழைத்த நெஞ்சுகள்தான் இத்தனை நீளமாக மூச்சைப் பிடித்து ஊதின என்பதை அந்தப் படம் அழுத்திச் சொல்லாமலே உணர்த்தியது. படத்தில் அந்த பேண்டுக்குள் ஒரு பெண் வந்து உட்காருவது ஒரு நிகழ்ச்சி. இன்று எந்த பேண்டிலும் அது நிகழ்ச்சியே அல்ல. கார்னெட் வரிசையிலிருந்து டியூபா வரை பெண்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், கணினி வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிறார்கள். வாசிப்புக்காகச் சம்பளம் வாங்காதவர்கள் என்பது மட்டும் மாறவில்லை.

பெயர்களைப் பாருங்கள், பண வரலாறு தெரியும். பிளாக் டைக் பேண்டின் பெயரில் இருந்த 'மில்ஸ்' உதிர்ந்துவிட்டது. விமான ஆலைத் தொழிலாளர்களின் பேண்டாகத் தொடங்கிய ஃபேரி, பின்னாள் ஆதரவாளர்களின் பெயரைச் சேர்த்துக்கொண்டும் நீக்கிக்கொண்டும் வந்திருக்கிறது. கிரைம்தோர்ப் பேண்டோ 'காலியரி' (நிலக்கரிச் சுரங்கம்) என்ற சொல்லை விடவில்லை. அந்தக் காலத்திலேயே பிரைஹவுஸ் அண்ட் ராஸ்ட்ரிக் என்ற பேண்டு எந்த முதலாளியையும் சாராமல் பொதுமக்கள் தரும் சந்தாவில் நடந்தது. 1977-இல் அவர்கள் பதிவு செய்த 'ஃப்ளோரல் டான்ஸ்' பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அன்று அது விதிவிலக்கு. இன்று ஏறக்குறைய எல்லா பேண்டுமே அப்படித்தான்: சந்தா, கச்சேரி வருமானம், கிடைத்தால் லாட்டரி நிதி, கிடைத்தால் ஒரு உள்ளூர்க் கம்பெனி. பாதுகாப்பு போயிற்று. ஆனால் பேண்டு முதன்முறையாகத் தனக்கே சொந்தமாயிற்று.

இங்கேதான் ஹிக்கின்ஸ் வருகிறார். 1983-இல் பிறந்தவர், குளோஸ்டர்ஷரின் ஃபாரஸ்ட் ஆஃப் டீன் பகுதியில் வளர்ந்தவர். அது வினோதமான நிலக்கரி நாடு. அந்த வட்டாரத்தில் பிறந்து, 21 வயது கடந்து, ஓராண்டும் ஒரு நாளும் சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்குத் தானே ஒரு சுரங்கம் தோண்டிக்கொள்ளும் பழைய உரிமை அங்கே உண்டு. பெரிய சுரங்கங்கள் 1965-உடன் முடிந்தன. ஹிக்கின்ஸ் குடும்பத்தில் பேண்டு வாசிப்பு 1895-லிருந்து தொடர்கிறது. அவர் பேண்டிலிருந்து இசைப் பள்ளிக்கும், அங்கிருந்து இசைக் கல்லூரிக்கும் போய், தொழில்முறை இசையமைப்பாளராகி, 2014-இல் ப்ராம்ஸ் விழாவின் கடைசி இரவைத் தொடங்கிவைக்கும் இசையை எழுதும் இடத்துக்கு வந்தார். அந்த உயரத்தில் நின்று பலர் பழைய வீட்டை மறந்துவிடுவார்கள். அவர் திரும்பிப் போய் பேண்டுக்கு எழுதினார்.

2015-இல் ராம்பேர் நடனக் குழுவுக்காக 'டார்க் ஆர்ட்டரீஸ்' எழுதினார். வேலைநிறுத்தம் முடிந்து 30 ஆண்டுகள் ஆன சமயம். லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில் நடனமணிகளோடு ட்ரெடீகர் டவுன் பேண்டு நேரடியாக வாசித்தது. ட்ரெடீகர் தெற்கு வேல்ஸில் இரும்பும் நிலக்கரியும் வளர்த்த ஊர். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையை உருவாக்கிய அனய்ரின் பெவன் பிறந்த ஊர். அந்த ஊர் பேண்டு போட்டிக்கும் பூங்காவுக்கும் போவது பழக்கம். நவீன நடன அரங்குக்கு இரவுதோறும் போய் வாசிப்பது வேறு.

2022-இன் கான்செர்ட்டோ இன்னும் ஒரு படி. கான்செர்ட்டோ க்ரோஸோ என்பது பழைய இத்தாலிய வடிவம், ஒரு சிறு குழுவும் பெரிய குழுவும் எதிரெதிராகவும் சேர்ந்தும் வாசிப்பது. ஹிக்கின்ஸ் அந்தச் சிறு குழுவின் இடத்தில் ஒரு முழு பிராஸ் பேண்டை உட்கார வைத்தார். ஆர்க்கெஸ்ட்ராவில் ஒவ்வொருவரும் சம்பளம் வாங்கும் தொழில்முறைக் கலைஞர். பேண்டில் ஒவ்வொருவரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர். பிரிட்டனில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வர்க்கச் சுவர் இருந்திருக்கிறது. ஒரே நகரத்தில் இருந்தும் ஒருவர் கச்சேரிக்கு மற்றவர் போகாத சுவர். இங்கே பேண்டு ஆர்க்கெஸ்ட்ராவின் பித்தளைப் பகுதிக்குத் துணையாக வரவில்லை, விசேஷத்துக்கு அழைத்த ஊர்க்காரர்களாகவும் வரவில்லை. மையத்தில் இருந்தது, ஆர்க்கெஸ்ட்ரா அதற்குப் பதில் சொன்னது. அதற்கு ராயல் பில்ஹார்மானிக் சொசைட்டியின் பெரிய படைப்புக்கான விருதும் கிடைத்தது.

ஹோல்ஸ்டும் எல்கரும் பேண்டுக்குக் கொடுத்தார்கள். பர்ட்விசில் பேண்டைச் சோதித்தார். ஹிக்கின்ஸ் பேண்டாகவே பேசுகிறார். ஃப்ளூகல் ஹார்னின் தழுதழுத்த நடுக்குரல் எந்த இடத்தில் மூச்சுத் திணறும், சோப்ரானோ கார்னெட் எவ்வளவு உயரத்தில் உடையும் என்பது அவருக்குப் பாடப்புத்தகத்தில் படித்தது அல்ல. அவரது இசை கடினமானது, சில இடங்களில் காதைக் கடிப்பது. ஆனாலும் வாசிப்பவர்கள் அதைத் தங்கள் இசையாக எடுத்துக்கொள்வது கேட்கும்போதே தெரிகிறது.

வெளியிலிருந்து வந்தவர்களும் இப்போது வேறு விதமாக வருகிறார்கள். ஐஸ்லாந்தின் யோஹான் யோஹான்சன், பில் மாரிசனின் ஆவணப் படத்துக்காக எழுதிய 'த மைனர்ஸ் ஹிம்ஸ்' 2010-இல் டர்ஹம் தேவாலயத்திலேயே, உள்ளூர் பேண்டு வாசிக்க, அரங்கேறியது. 1997-இல் ஜெரமி டெல்லர் என்ற கருத்துருக் கலைஞர் வில்லியம்ஸ் ஃபேரி பேண்டை அழைத்து 'ஆசிட் ஹவுஸ்' நடன இசையைப் பித்தளையில் வாசிக்க வைத்தார். இரண்டிலும் பேண்டு காட்சிப் பொருளாக இல்லை, பங்காளியாக இருந்தது.

டர்ஹம் பெருவிழாவில் இப்போது வேலை செய்யும் சுரங்கம் ஒன்றுகூட இல்லை. கூட்டமோ இரண்டு லட்சம் வரை வருகிறது என்கிறார்கள். சுரங்கம் மூடிப் பல பத்தாண்டு ஆன ஊர்கள் நிதி திரட்டிப் புதுக் கொடி நெய்து தூக்கி வருகின்றன. சொந்த பேண்டை இழந்த ஊர் பக்கத்து ஊர் பேண்டை வாடகைக்கு அழைத்து வருகிறது. கரி பார்த்திராத பிள்ளைகள் 'கிரெஸ்ஃபோர்டு' வாசிக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் என் கவலை. பள்ளிகளில் வாத்தியப் பயிற்சிக்கு உள்ளாட்சிகள் தந்துவந்த பணம் பல இடங்களில் சுருங்கிவிட்டது. முன்பு கார்னெட் கற்க அப்பா சுரங்கத்தில் இருந்தால் போதும். இப்போது அப்பா வசதியாக இருக்க வேண்டிய நிலை வந்துகொண்டிருக்கிறது. பேண்டுகள் இதை உணர்ந்திருக்கின்றன. தங்கள் பயிற்சி அறையிலேயே தொடக்க வகுப்பு நடத்தி, பழைய வாத்தியங்களைக் காசு வாங்காமல் கடனாகக் கொடுக்கின்றன. ஒரு பெரிய அரங்கேற்றத்துக்கு நிதி கிடைப்பது கடினம், ஆனால் கிடைக்கும். இருபது பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை சொல்லிக்கொடுக்க நிதி கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கான்செர்ட்டோவுக்குக் கைதட்டுகிறவர்கள் இந்த வகுப்புகளின் செலவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மேடையில் சோப்ரானோ கார்னெட் வாசித்தவரும் இப்படி ஒரு அறையில், யாரோ விட்டுச்சென்ற வாத்தியத்தில், ஊதினால் காற்று மட்டுமே வரும் முதல் வாரத்தைக் கடந்து வந்தவர்தான்.